மதிப்புரைக்கு வாசகர் சேர்த்தல்: நன்னூல் வழி ஓர் ஆய்வு

புத்தக மதிப்புரைக்கென்று புதிதாகத் தளம் தொடங்குவோர் முதல் வாரத்திலேயே ஓர் உண்மையைக் கண்டுகொள்கின்றனர். எழுத ஆள் கிடைக்கிறது. புத்தகம் அனுப்பவும் ஆள் கிடைக்கிறது, அதுவும் கேட்காமலே, இரண்டிரண்டு பிரதியாக. படிக்கத்தான் ஆளில்லை. இந்தப் பஞ்சம் தீர வழி சொல்ல விளம்பர நிபுணர்கள் பலர் உளர். பவணந்தி முனிவரை மட்டும் யாரும் கலந்தாலோசிப்பதில்லை. 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் கேட்க அவர் செய்த நன்னூலின் பாயிரத்துக்குள் விளம்பரவியல் முழுவதும் அடக்கம் என்பதே இவ்வாய்வின் துணிபு.

தற்புகழ்ச்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். எத்தனை துறை கற்றவனும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது நன்னூலின் பொதுவிதி. உடனே நான்கு விலக்கும் தருகிறது: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதாரிடையே, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிரி பழித்தபோது. அஃதேல், புதிய தளத்தின் சுட்டியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது எதில் அடங்கும் எனின், இரண்டாவதில் அடங்கும் என்க. ஒரே நாளில் பலமுறை போடலாமோ எனின், போடலாம். எத்தனை முறை போட்டாலும் சித்தப்பாக்களும் அத்தைகளும் அறியாதாராகவே இருப்பர் ஆதலின், விலக்கு காலாவதியாவதில்லை. முகநூலில் யாரிடமாவது சண்டை பிடித்துக்கொண்டே சுட்டியைச் செருகுவது மூன்றுக்கும் நான்குக்கும் ஒருங்கே பொருந்தும். மன்னர் இல்லாமையால் முதல் விலக்கு வழக்கொழிந்தது. நூலக ஆணை வேண்டி எழுதும் விண்ணப்பத்தை அதில் அடக்குவாரும் உளர்.

பிறர் புகழ்வது அடுத்தது. சிறப்புப் பாயிரம் தரத் தக்கவர் நால்வர்: தன் ஆசிரியர், தன்னோடு கற்றவர், தன் மாணாக்கர், உரைகாரர். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் உடன் பயின்றவர் என்பது மரபு. வெளியாள் ஒருவரும் இல்லை என்பதைக் கவனிக்க. இன்றைய மதிப்புரைகளை எழுதுவோரும் இந்த நால்வரே. உரைகாரர் இருந்த இடத்தில் பதிப்பாளரின் நண்பர் வந்திருக்கிறார், அவ்வளவுதான். நால்வர் எழுதியதை அந்நால்வரும் நூலாசிரியரும் படிக்க, ஆக மொத்தம் ஐவர். திருக்குறளுக்கே இதுதான் நிலை: திருவள்ளுவமாலையின் 55 வெண்பாக்களில் குறை சொல்வது ஒன்றுகூட இல்லை. முதல் வெண்பாவைப் பாடியது அசரீரி. பெயரும் முகமும் இல்லாத கணக்கிலிருந்து முதல் பாராட்டு வந்து விழுவது நமக்குப் புதிதன்று என்பது இதனால் பெறப்படும். அடுத்ததாக நாமகளே வந்து பாடிவிட்டபின் மறுத்துப் பேச எவருக்குத் துணிவு வரும்?

எனவே ஐவருக்கு அப்பால் போக வேண்டும். அங்கே யார் இருக்கிறார்கள்? மாணாக்கரை முதல், இடை, கடை எனப் பிரித்து நன்னூல் எட்டு உவமை சொல்கிறது. மாணாக்கர் என்ற இடத்தில் வாசகர் என்று வைத்துப் படித்தால் போதும்.

பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம், தளம் நடத்துவோரின் கனவில் மட்டும் வருகிறது. பசு, மேய்ந்ததைப் பின்னர் அசைபோடும். சுட்டியைச் சேமித்து வைத்து ‘அப்புறம் படிக்கிறேன்’ என்பவர் இவ்வினம். அந்த ‘அப்புறம்’ இதுவரை வந்ததில்லை. மண், உழைத்த அளவே விளையும்: தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டால் ஒரு விருப்பக்குறி. கிளி, படிக்காமலே பத்துக் குழுக்களுக்கு அனுப்பிவைக்கும். இதை இடைத்தரத்தில் வைத்தது பவணந்தியார் செய்த அநீதி என்றே சொல்வேன். இல்லிக்குடம் தலைப்பைப் படித்து முடிக்குமுன் தலைப்பை மறக்கும். ஆடு இங்கொரு தழை, அங்கொரு தழை.

ஆய்வு சூடுபிடிப்பது எருமையில்தான். குளத்தைக் கலக்கிவிட்டுத்தான் குடிக்கும். நூலை விட்டுவிட்டு, மதிப்புரை எழுதியவர் எந்தக் கட்சி, எந்த ஊர், யாருடைய ஆள் என்று இது கலக்கத் தொடங்கினால்தான் கரையில் கூட்டம் சேர்கிறது. அன்னங்கள் நீந்தும் குளத்தை எட்டிப் பார்க்க ஒருவரும் வருவதில்லை.

எஞ்சியது நெய்யரி. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீண்ட மதிப்புரையிலிருந்து விடுபட்ட ஒரு ‘ப்’பை மட்டும் தூக்கிக்கொண்டு வருபவர் இவர். நன்னூல் இவரைக் கடையில் தள்ளினாலும், கடைசி வரி வரை படிக்கும் வாசகர் உலகில் இவர் ஒருவரே. ஆகையால் ஒவ்வொரு மதிப்புரையின் இறுதிப் பத்தியிலும், வலி மிக வேண்டிய இடமாகப் பார்த்து, ஓர் ஒற்றைக் களைந்துவிடுக.

நன்னூல் சொல்லாத உத்தி ஒன்று சி.சு. செல்லப்பாவிடம் இருக்கிறது. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது, 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். 1970இல் இதழ் நிற்கும் வரை வரம்பு மீறும் நெருக்கடி நேரவில்லை. புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவரும் அவரே. கையில் சுமை, வாயில் வரம்பு. இதைவிடக் கௌரவமான விளம்பரத்தை நான் அறியேன். புதிய தளமும் முகப்பிலேயே 2,000 வாசகருக்கு மேல் அனுமதி இல்லை என்று எழுதிவைக்கலாம். 2,001ஆவது ஆள் வந்து நின்றால் என் செய்வது எனின், அவரை மதிப்புரை எழுதச் சொல்லிவிடுக. எழுதத் தொடங்கியவர் படிப்பதை நிறுத்திவிடுவார் ஆதலின், கணக்கு மறுபடியும் 2,000க்கே வந்து நிற்கும்.