மீனில்லாத் தொட்டியின் அதிபதி

நாற்புறமும் கடல் சூழ்ந்த பினாங்குத் தீவிலே பிறந்து வளர்ந்துவிட்டு, வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் ஒரு கடல் வேண்டும் என்பதற்காகக் கடைக்குச் சென்று வாளிக்கணக்கில் உப்பு வாங்கி வருகிற மனிதர் ஒருவர் உண்டு என்று நான் சொன்னால், வாசகர்கள் அவருடைய புத்தியைச் சந்தேகிப்பதற்கு முன் என்னுடைய வாக்கைச் சந்தேகிப்பார்கள். ஆயினும் ஜார்ஜ் டவுனில் அந்த ரகத்து மனிதர்கள் இருக்கவே இருக்கிறார்கள்; பவளத்தொட்டிக்காரர் என்பது நான் அவர்களுக்கு இட்ட பெயர். "எஸ்பிளனேட் கரையிலே ஒரு குடத்தை அமிழ்த்தினால் ஆயிற்றே!" என்று சொன்னால், ஜலசந்தியின் சேற்றையும் துறைமுகத்து எண்ணெயையும் நினைத்து அவர் உடல் ஒருமுறை நடுங்கும். குழாய்த் தண்ணீரும் அவருக்கு ஆகாது, ஆர்.ஓ. கருவியில் வடித்த சுத்த ஜலத்தில் உப்பைக் கரைத்து, ஒப்படர்த்தி 1.025 என்று வருமட்டும் பிடிபிடியாகத் திருத்துவார். 30 டிகிரியைத் தாண்டுகிற இவ்வூர் நண்பகலில் அவருடைய தாயார் பழைய காற்றாடியின் கீழ் வியர்த்துக்கொண்டிருக்க, அந்த நீர் மட்டும் குளிரூட்டியின் தயவில் 26 டிகிரியில் சுகவாசம் செய்யும்.

இவ்வளவு உபசாரமும் யாருக்கு என்றால், யாருக்கும் இல்லை. தொட்டியிலே கல் உண்டு, மணல் உண்டு, அலையெழுப்பும் மோட்டார் உண்டு, நீல விளக்கும் உண்டு. மீன் மட்டும் கிடையாது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வந்த உறவினர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், "அண்ணே, மீன் எங்கே?" என்றார்கள். அந்தக் கேள்விக்காகவே தவம் கிடந்தவர்போல அவர் பிரசங்கத்தைத் தொடங்கினார். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் விஷம் பிறக்கிறது; ஒரு வகைக் கிருமி அதை உண்டு நைட்ரைட் ஆக்குகிறது; அதுவும் விஷமே ஆதலால், இன்னொரு வகைக் கிருமி அதை உண்டு சாதுவான நைட்ரேட் ஆக்குகிறது; இவ்விரு குலமும் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு வாரமோ ஆறு வாரமோ செல்லும்; அதற்குமுன் மீனை விடுவது, சாக்கடை வெட்டாத வீட்டில் பெருங்குடும்பத்தைக் குடிவைப்பதற்குச் சமானம். 1890 வாக்கில் இக்கிருமிகளைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டிய ருஷ்ய விஞ்ஞானி ஸெர்கேய் வினோகிராட்ஸ்கியின் பெயரை, தாய்மாமன் பெயரைச் சொல்லும் உரிமையோடு அவர் சொன்னபோது, உறவினர்கள் காப்பி வருகிறதா என்று அடுக்களைப் பக்கம் பார்த்தார்கள்.

மீனில்லாத தொட்டியில் கிருமிக்கு ஆகாரம் ஏது? சௌரஸ்தா மார்க்கெட்டிலிருந்து குழம்புக்கென்று வந்த இறாலில் ஒன்றை அவர் தொட்டிக்குள் போட்டு அழுகவிட்டார். "நல்ல இறாலை இப்படிப் பாழாக்குறியே, ஐயா!" என்று அலறிய தாயாருக்குப் பிரசங்கம் மீண்டும் ஒருமுறை முழுதாக நடந்தது. அம்மையார் பொறுமையாகக் கேட்டு முடித்தார். "உறை ஊத்தி வச்சிருக்கேன்னு சொல்லிட்டுப் போயேன். இதுக்கு ஏன் இத்தனை பேச்சு? தயிர் உறையிறவரைக்கும் தொட்டுத் தொட்டுப் பார்க்காதே, அவ்வளவுதான்."

வினோகிராட்ஸ்கி அடுக்களையில் தோற்றார். ஆனால் தொட்டுப் பார்க்காதிருப்பது ஒன்றுதான் நம்மவரால் ஆகாத காரியம். காலையும் மாலையும் சோதனைக்குழாயில் மருந்தைச் சொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் வண்ண அட்டையோடு பிடித்துப் பார்ப்பார். மஞ்சள் பச்சையாகி அம்மோனியா ஏறிவிட்டதென்று தெரிந்தால், வீட்டில் விஷம் பெருகியதற்காக ஆனந்தப்படுகிற ஒரே கிருகஸ்தர் அவராகத்தான் இருப்பார். மணல்மீது பழுப்பு நிறப் பாசி படர்ந்து வீட்டார் முகம் சுளித்தபோதும், பிள்ளைக்கு முதற்பல் முளைக்கக் கண்ட தகப்பனைப்போல் பூரித்துப்போனார்.

ஏழாவது வாரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சூன்யமாயின. நீரில் பாதியை மாற்றி, நல்ல நாள் பார்த்து, ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் ஒன்றைப் பையோடு மிதக்கவிட்டுப் பக்குவப்படுத்தி, கையும் மனமும் நடுங்கத் திறந்துவிட்டார். அது நேரே ஒரு கல்லிடுக்கில் புகுந்தது, புகுந்தது புகுந்ததுதான்.

மறுநாள் பங்குனி உத்திரம். அதே உறவினர்கள் வந்தார்கள். "அண்ணே, மீன் எங்கே?"

ஆறு வாரம் மடைதிறந்த வெள்ளமாய்ப் பேசியவருக்கு அன்று நா எழவில்லை. காற்றாடியின் கீழிருந்து தாயார்தான் பதில் சொன்னார்:

"உள்ளேதான் இருக்கு. எட்டி எட்டிப் பார்க்காம இருந்தா வரும்."