ஈஸ்வரியை எந்தப் பட்டியலில் போடுவது?

மச்சினன் மகன் பெங்களூரில் இருக்கிறான். “மாமா, எனக்குத் தமிழ்ப் பாட்டு ஒண்ணும் தெரியாது. வகைக்குப் பத்துப் பாட்டு அனுப்புங்க, பழகிக்கிறேன்” என்றான். நேற்று ராத்திரி கண் எரிய உட்கார்ந்து இளையராஜா பட்டியலை முடித்து அனுப்பினேன். அடுத்த நொடியே கட்டைவிரல் வந்து நின்றது. பத்தையும் கேட்டுவிட்டானாம்!

நீங்களும் பட்டியல் போடுகிற ஆள்தான், நடிக்க வேண்டாம். இப்போது எனக்குச் சிக்கல் எல்.ஆர்.ஈஸ்வரிதான்.

கல்யாணப் பாட்டு, கிளப் டான்ஸ், பக்தி என்று மூன்று தாள். ஈஸ்வரி எதில்? 1961-இல் ‘பாசமலர்’ படத்தில் அவர் பாடியதைப் போடாமல், குஜிலியம்பாறை ரேடியோ செட்டுக்காரர் இன்றைக்கும் பெண்ணை மணவறைக்கு விடமாட்டார். சரி, கல்யாணம் என்று எழுதினேன். 1969-இல் ‘சிவந்த மண்’ வருகிறது. சிவாஜி கையில் சவுக்கு, காஞ்சனா ஆட்டம், அடிக்கு அடி ஈஸ்வரியின் குரல் துள்ளுகிறது. கல்யாணத்தை அடித்துவிட்டு கிளப் டான்ஸ் என்று எழுதினேன். பேனாவை மூடுவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. புளியமரத்தில் கட்டிய குழாயில் அதே தொண்டை அம்மனைக் கூப்பிடுகிறது. கூழுக்குத் தூக்குவாளியோடு நின்றவர்களில் இரண்டு பேருக்கு அருள் வந்துவிட்டது. ஒருவர் வாளியைக் கீழே வைக்காமலே ஆடினார். கிளப் டான்ஸுக்கு அருள் வந்து நான் பார்த்ததில்லை. மூன்றிலும் போட்டால், தமிழ்நாட்டில் பாடகியே ஒருத்தர்தான் என்று பையன் நினைப்பான். நினைக்கட்டுமே, என்ன கெட்டுப்போயிற்று?

செட்டுக்காரரிடமே கேட்டேன். “முதல்ல சீர்காழியோட பிள்ளையார் பாட்டு. அடுத்து ஈஸ்வரியம்மாவ விட்டா கூட்டம் தானா வரும்ணே. இதுல வகை என்ன வகை?”

நாகூர் ஹனிபாவிலும் இதே வம்புதான். தர்கா பக்கம் வைத்தால் திமுக மேடைக்காரர்கள் கோபிப்பார்கள்.

கானாவுக்கு, 2006-இல் ‘சித்திரம் பேசுதடி’யில் உலகநாதன் திரையிலேயே வந்து பாடினாரே, அதை எழுதியாயிற்று. ‘அது சினிமாக் கானா, சாவு வீட்டில் விடியவிடியப் பாடுவதுதான் கானா’ என்று சென்னைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். ஈஸ்வரியை நீங்கள் எங்கே போட்டீர்கள் என்று அவர்களையே கேட்கிறேன்.