எண்ணாத நடை

என் அப்பா இ.டி., அதாவது துறைசாரா, போஸ்ட்மேன். திருவண்ணாமலைக்கு மேற்கே ஒரு கிளை அஞ்சலகத்தில் வேலை. அவருடைய ‘பீட்’ ஐந்து ஊர். ஒரு தபால்காரர் ஒரு நாளில் சுற்றி முடிக்க வேண்டிய வட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. காலையில் பை வந்து, முத்திரை குத்தி, கடிதங்களை ஊர்வாரியாக அடுக்கிக்கொண்டு கிளம்புவார். ஏரிக்கரை, மல்லாட்டைக் கொல்லை, மாரியம்மன் கோயில் திடல் என்று சுற்றிவிட்டு, மூன்று மணிக்கு மேல் வீடு திரும்புவார். சைக்கிள் வாங்கியது நான் எட்டாவது படிக்கும்போது. அதற்குப் பிறகும் பாதி வழி தள்ளிக்கொண்டுதான் போனார். வரப்பில் எங்கே மிதிப்பது?

“எவ்ளோ தூரம்ப்பா நடப்ப?” என்று ஒருநாள் கேட்டேன். “வெயிலுக்கு முன்னாடி போனா கிட்ட. வெயில் ஏறிப் போனா தூரம்” என்றார்.

இடது மணிக்கட்டில் எச்.எம்.டி. ஜனதா கட்டியிருப்பார். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் கெடிகாரம். கல்யாணத்துக்குத் தாத்தா போட்டது. தினமும் குளித்துவிட்டு வந்து சாவி கொடுப்பார். அது அவருக்கு மணி சொன்னது. அவர் எத்தனை அடி நடந்தார், இதயம் எத்தனை முறை துடித்தது என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஐம்பத்திரண்டு வயதாகிறது. பள்ளிக்கு ஸ்கூட்டரில் போய் வருகிறேன். போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் எச்.பி.ஏ.1.சி. 6.1 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை. “மாத்திரை இப்போ வேணாம் டீச்சர். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடங்க” என்றார் டாக்டர். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு 150 முதல் 300 நிமிடம் என்கிறது. ஒரு தபால்காரர் மகளுக்கு நடக்கச் சொல்லி மருத்துவர் சீட்டு எழுதித் தருகிறார் என்பது அன்று ராத்திரி முழுக்க மனதில் கிடந்து உறுத்தியது. அப்பா இரண்டு நாளில் அதைவிட அதிகம் நடந்திருப்பார்.

தபால்காரர்களைப் பற்றி அப்போதே ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், மாடிப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களையும், படியேறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. பிறகு அஞ்சல் துறையில் பார்த்தார். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்தவர்களுக்கு, உட்கார்ந்து வேலை செய்த குமாஸ்தாக்களையும் டெலிபோன் ஆபரேட்டர்களையும்விட இதய நோய் குறைவு. 1953-ல் ‘லான்செட்’ இதழில் அது வெளியானது. உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை ஆராய்ச்சியால் நிறுவிய தொடக்கங்களில் அது ஒன்று. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் என் கண் முன்னால் காக்கிச் சட்டைதான் வரும்.

அடியையும் துடிப்பையும் எண்ணும் கைப்பட்டை ஒன்று வாங்கலாம் என்றது என் பையன். சென்னையிலிருந்து போனில் பத்துப் பெயர் சொன்னான். நான் கடைக்கே போனேன். முதலில் நீட்டிய ஒன்றைக் காட்டி, “இது சுகரும் காட்டும்மா, ஊசி வேணாம்” என்றார் விற்பனையாளர். என் நிலையில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும், பணத்தை எடுத்துவிடுவார்கள். அது எனக்குக் கோபத்தைத் தந்தது, இன்னும் தணியவில்லை. தோலைக் குத்தாமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கும் கைக்கெடிகாரமோ மோதிரமோ எதற்கும் தான் அனுமதி கொடுத்ததில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி ஒருவர் இன்சுலினைக் கூட்டினாலோ குறைத்தாலோ உயிருக்கே ஆபத்து. வெளியே வந்துவிட்டேன்.

அதன்பிறகு உடன் வேலை பார்க்கும் ஆசிரியைகள் மூன்று பேரிடம் ஆளுக்கு நான்கு நாள் கடன் வாங்கிக் கட்டிப் பார்த்தேன். வாங்குவதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டியது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். பெட்டியில் எழுதியிருப்பது வேறு, நம் கையில் கட்டினால் நடப்பது வேறு.

முதல் சோதனை பள்ளி மைதானத்தில். வாய்விட்டு எண்ணி 500 அடி நடந்தேன். மூன்றும் 480-க்கும் 510-க்கும் நடுவில் காட்டின. சாதாரண நடைக்கு அவ்வளவு போதும். இரண்டாவது, நாடி. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கி, பட்டை காட்டுவதோடு ஒப்பிட்டேன். உட்கார்ந்திருக்கும்போது ஒத்துப்போனது. மாடி ஏறி நின்றபோது இரண்டு பட்டைகள் தடுமாறின. காரணம் என் வளையல். பட்டையின் அடியில் பச்சை வெளிச்சம் விட்டுவிட்டு எரிகிறதே, அந்தப் பச்சையை ரத்தம் உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் ரத்தம் கூடும்போது திரும்பி வரும் வெளிச்சம் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் துடிப்பு என்று கணக்கிடுகிறார்கள். வளையல் இடித்துப் பட்டை நகர்ந்தால் வெளிவெளிச்சம் உள்ளே புகுந்து கணக்கு கெடும். தோலின் கருமையும் பச்சையை உறிஞ்சுவதால் நம் நிறத்துக்கு இறுக்கமாக, அசையாமல் கட்டுவது இன்னும் முக்கியம். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே தள்ளிக் கட்டினேன், சரியானது. வளையல் போட்ட கையை நினைத்து இவற்றைச் செய்தவர்கள் யாரும் இல்லை என்று தோன்றியது.

கலோரிக் கணக்கை நான் பார்ப்பதே இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017-ல் ஏழு பட்டைகளைச் சோதித்தபோது, ஆறு இதயத் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. எரித்த கலோரியிலோ மிகத் துல்லியமானதே 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். அதை நம்பி ஒரு வடை கூட அதிகம் சாப்பிட முடியாது. தூக்கத்தைப் பிரித்துக் காட்டும் வண்ணப்படமும் அசைவிலிருந்தும் துடிப்பிலிருந்தும் செய்யும் ஊகம்தான்.

பத்தாயிரம் அடி என்ற இலக்கைப் பற்றியும் என் மாணவர்களுக்குச் சொல்வேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருஷம், 1965-ல், யமசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் நடைமானி ஒன்றை விற்றது. பெயர் ‘மான்போ-கெய்’: பத்தாயிரம் அடி மானி. அந்த விற்பனைப் பெயர்தான் அறுபது வருஷம் கழித்து என் மணிக்கட்டில் வந்து நிற்கிறது. சராசரியாக 72 வயதான 16,741 பெண்களை வைத்து 2019-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடி வாக்கில் அந்த நன்மை மேலே ஏறாமல் நின்றுவிட்டது. பத்தாயிரம் முடியவில்லை என்று பட்டையையே கழற்றிப் போட்ட எத்தனையோ பேருக்கு இதை உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் நான் வாங்கியது சின்னப் பட்டை, இரண்டாயிரத்துச் சொச்சம். பத்து நாள் சார்ஜ் நிற்கிறது. தினமும் கழற்ற வேண்டியதைத் தினமும் திரும்பக் கட்ட மறந்துவிடுவோம் என்பதால் அதைத்தான் முதலில் பார்த்தேன். காலை எட்டு மணி வெயிலில் எழுத்து தெரிய வேண்டும். பாத்திரம் தேய்க்கும்போது கழற்றாமல் இருக்க 5 ஏ.டி.எம். அளவுக்குத் தண்ணீர் தாங்க வேண்டும். சிலிகோன் வார் சித்திரை வேர்வையில் அரித்ததால் துணி வாருக்கு மாற்றினேன். வழித்தடம் அளக்கும் ஜி.பி.எஸ். அதில் இல்லை, போனுடையதை வாங்கிக்கொள்கிறது. எப்படியும் போன் பையில்தான் இருக்கும், அதற்காக நான்கு மடங்கு விலை எதற்கு? நான் தினம் பார்ப்பது ஒரே எண்: வேகமாக நடந்த நிமிடங்கள். நிமிடத்துக்கு நூறு அடி வாக்கில் போனால் பேச முடியும், பாட முடியாது. அதுதான் டாக்டர் கேட்ட வேகம்.

அம்மாவுக்கும் ஒன்று வாங்கினேன். எழுபத்தாறு வயது. கட்டிய முதல் நாள் காலை தேங்காய் துருவினார். உட்கார்ந்த இடத்திலேயே 140 அடி ஏறியது. பிறகு வாசல் தெளித்து, கோலம் போட்டு, இடுப்பில் குடத்தை அணைத்துப் பட்டை கட்டிய கையால் அதன் கழுத்தைப் பிடித்தபடி நான்கு நடை தண்ணீர் கொண்டுவந்தார். அதில் ஏறியது அற்பம். கை வீசினால்தான் பட்டைக்கு அது நடை. உள்ளே இருக்கும் அசைவுமானி சீரான ஆட்டத்தைத் தேடுகிறது. குடத்தோடு அசையாமல் இருக்கும் கையை அது உட்கார்ந்திருப்பவரின் கை என்று எடுத்துக்கொள்கிறது. அம்மாவின் ஆயுள் முழுக்க இந்தப் பட்டையைக் கட்டியிருந்தாலும் பாதி உழைப்பு அதற்குத் தெரிந்திருக்காது.

அப்பா இருந்தவரை பௌர்ணமிதோறும் இருவரும் கிரிவலம் போவார்கள். 14 கிலோமீட்டர், வெறுங்கால், மலை வலப்பக்கம். இப்போது அம்மாவால் சுற்று முழுக்க முடியாது. ஞாயிறு விடியற்காலையில் பெரிய கோயிலிலிருந்து அக்னி லிங்கம் தாண்டி ரமணாசிரமம் வரை போகிறோம், ஏறக்குறைய 2 கிலோமீட்டர், திரும்ப ஆட்டோ. நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல நடக்க வேண்டும் என்று கிரிவலத்துக்குச் சொல்வார்கள். அம்மா அப்படித்தான் நடக்கிறார், ஒரு கையால் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு. அருகில் நடந்து எண்ணினேன். நூறு அடிக்குப் பட்டை காட்டியது 38.

“இன்னா சொல்லுது அது?” என்றார்.

“நீ நடக்கலங்குதும்மா.”

நின்று, பட்டையைக் கழற்றி, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையில் வெற்றிலையோடு போட்டு முடிந்துகொண்டார். “இப்ப பாரு.” திரும்ப எண்ணினேன். நூறுக்கு 92. மெதுவான நடையில் மணிக்கட்டைவிட இடுப்புதான் நன்றாக அசையும். 1965-ல் ஜப்பானியர்கள் அதை இடுப்பில் மாட்டியது சரிதான். துடிப்பு தெரியாது, போகட்டும். இன்றும் அம்மாவின் பட்டை அந்தப் பைக்குள்தான் இருக்கிறது. மெதுவாக நடக்கும் பெரியவர்களுக்கு வாங்குகிறவர்கள் கையில் மட்டும் கட்டி முடிவு செய்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை, அப்பாவின் பீட்டை நடந்து பார்த்தேன். ஊர்களை எந்த வரிசையில் போவார், எந்த வீட்டில் மோர் கொடுப்பார்கள், எங்கே வரப்பில் இறங்குவார் எல்லாம் அம்மாதான் சொன்னார். மல்லாட்டைக் கொல்லை ஓரிடத்தில் மனைகளாகியிருந்தது, சுற்றிப் போனேன். கிளை அஞ்சலகத்தில் தொடங்கி அங்கேயே முடித்தபோது போன் 16.7 கிலோமீட்டர் என்றது, பட்டை 25,000 அடியைத் தாண்டியிருந்தது. நான் எந்த வீட்டிலும் நின்று மணியார்டர் எண்ணிக் கொடுக்கவில்லை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் படித்துக் காட்டவில்லை. தோளில் பை இல்லை. காலில் நல்ல ஷூ. அவர் வாரத்தில் ஆறு நாள் ரப்பர் செருப்பில் போனார்.

வீட்டுக்கு வந்து திண்ணையில் காலை நீட்டினேன். அம்மா வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “எவ்ளோ வந்துது?” என்று கேட்டார்.

“பதினாறே முக்கால் கிலோமீட்டர்மா. கிரிவலத்தவிட ஜாஸ்தி.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “தெனமுமா?” என்றார். பிறகு, “அதான் ஏழு மணிக்கே தூங்கிடுவாரு. புள்ளைங்களக் கூட உக்காந்து பேசாத மனுசன்னு எவ்ளோ திட்டியிருக்கேன்” என்றார்.