களவு நெட்: திண்டுக்கல் வட்டாரத்து ஹாட்ஸ்பாட் ஒழுக்கம்

போனில் இருக்கும் நெட்டை லேப்டாப்புக்குக் கடத்திவிடும் வழக்கத்தைக் கணினி நூலார் டெதரிங் என்பர். திண்டுக்கல்லார் ‘ஹாட்ஸ்பாட் போடுறது’ என்பர். இது தங்கள் பாடத்தில் வராது என்று தமிழ்த்துறையினர் ஒதுங்கினர். இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கணினித்துறையினர் ஒதுங்கினர். இரு துறையும் கைவிட்ட பொருளையே யாம் ஆய்வுக்கு எடுத்தோம். எம் துணிபு இது: ஹாட்ஸ்பாட் என்பது களவொழுக்கம், மாதக் கட்டணம் கட்டி, கம்பம் கம்பமாக வயர் இழுத்து, ஊரறிய வீட்டுக்குக் கொண்டுவரும் ஃபைபர் கனெக்‌ஷன் கற்பொழுக்கம். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் களவியலை முன்னும் கற்பியலைப் பின்னும் வைத்தார். இவ்வூர் வீடுகளில் நெட் புகுந்த முறைவைப்பும் அதுவே.

முதலில் மாந்தர். பேட்டரி செத்துப்போய், சார்ஜர் வயர் எட்டும் தூரத்துக்குள் இற்செறிக்கப்பட்டுக் கிடப்பதால் லேப்டாப் தலைவி. எங்கோ உயரத்தில் நின்றுகொண்டு, வருவேன் என்றும் சொல்லாமல் வரமாட்டேன் என்றும் சொல்லாமல் இரண்டு கோடு மட்டும் காட்டுவதால் டவர் தலைவன். இருவருக்கும் இடையே நடையாய் நடந்து, செய்தி சுமந்து, கடைசியில் உடம்பு கொதித்துப் படுத்துவிடும் போன் தோழி. தோழியின்றிக் களவு நிகழாதோ எனின், நிகழும். சிம் போடும் இடமுள்ள லேப்டாப்புகளும் உலகில் உண்டு. அவற்றை வாங்குவோர் ஆய்வுக்கட்டுரை படிப்பதில்லை ஆதலின் விடப்பட்டன.

இனி வரலாறு. 1985 செப்டம்பர் 15 அன்று மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. இதைத் தற்செயல் என்பார் ஆய்வுநெறி அறியாதார். அது அண்ணா பிறந்த நாள் என்று நினைவூட்டுவார் அவரினும் கொடியர். ஏனெனில் அவர் சொல்வது உண்மை, உண்மை வந்தபின் ஆய்வு எதற்கு?

அத்திட்டத்தில் பிளஸ் டூ மாணவருக்கும் கல்லூரி மாணவருக்கும் எல்காட் என்னும் அரசு நிறுவனம் வழியாக லேப்டாப் வந்தது, நெட் வரவில்லை. தலைவி வந்துவிட்டாள், தலைவனைக் காணோம். அன்று மரபாக இருந்தது பிரௌசிங் சென்டருக்குப் பென் டிரைவோடு போய், பாடத்தைக் கொஞ்சமும் பாட்டை நிறையவும் ஏற்றிக்கொண்டு திரும்புவது. நோக்கியா போனைக் கேபிளில் மாட்டி, பி.சி. சூட் வழியாக நெட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்கியோரும் உளர். அவர்கள் பொறுமையைப் புறத்திணையில் பாட வேண்டும். போனையே வைஃபை பெட்டியாக்கும் வசதி 2010இல் ஆண்ட்ராய்டு 2.2உடனே வந்துவிட்டது. வசதி இருந்து என்ன, ஒரு ஜி.பி. இருநூறு ரூபாய்க்கு மேல் விற்ற காலத்தில் யார் யாருக்குப் போடுவது? 2016 செப்டம்பர் 5இல் ஜியோ வந்து (மீண்டும் செப்டம்பர், குறித்துக்கொள்க) விலை சரிந்த பிறகே களவு பெருவழக்காயிற்று.

கொரோனாக் காலத்து ஆன்லைன் வகுப்புக்காக, 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நாளுக்கு 2 ஜி.பி. வீதம் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேட்டா கார்டு கொடுப்பதாக அரசு அறிவித்தது. ஆக லேப்டாப்பும் அரசு தந்தது, டேட்டாவும் அரசு தந்தது. நடுவில் இருந்த போன் மட்டும் அப்பா வாங்கியது. இரண்டையும் சேர்த்துவைத்த பெருமை அதற்கே உரியது.

அடுத்து முதற்பொருள், அதாவது நிலமும் பொழுதும். திணைகளுக்குச் சிறுபொழுது வகுத்த முன்னோர் டேட்டா பேக்கை மனத்தில் வைத்தே வகுத்தனர் என்பது எம் கருத்து. குறிஞ்சிக்குப் பொழுது யாமம், ஒழுக்கம் புணர்தல். அன்றாட டேட்டா புதுப்பிக்கப்படுவது நள்ளிரவு 12 மணிக்கு. வேறு சான்று வேண்டுமோ? நாகல் நகரிலும் பேகம்பூரிலும் காந்திகிராமத்து விடுதி அறைகளிலும் பதினொன்றே முக்காலுக்கு லேப்டாப்பைத் திறந்து வைத்துக் கடிகாரம் பார்ப்பவர்கள் இரவுக்குறி வந்த தலைமக்களே. முல்லைக்கு மாலை, இருத்தல். மாலை ஏழு மணிக்கு ஊரே நெட்டில் இருப்பதால் நடுத்திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து ஆற்றியிருப்பது தலைவியின் கடன். மருதத்துக்கு வைகறை, ஊடல். ராத்திரி வந்த டேட்டா முழுவதையும் தங்கச்சி இறக்கிய சீரியல் தின்றுவிட்டது என்பது விடிந்ததும் தெரியவர, அண்ணன் பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறான்.

நெய்தலுக்கு எற்பாடு, இரங்கல். திண்டுக்கல்லில் கடல் ஏது என்று கேட்பாருக்கு விடை: குடிநீருக்கே ஆத்தூர் காமராசர் அணையை நம்பியிருக்கும் ஊர் இது, இரங்குவதற்குக் கடல் வரை போக வேண்டியதில்லை. 90 சதவீதம் தீர்ந்துவிட்டது என்று எஸ்.எம்.எஸ். வரும் பொழுது பெரும்பாலும் சாயங்காலம் நாலு, நாலரை. மீதியும் தீர்ந்தபின் பல திட்டங்களில் வேகம் 64 கே.பி.பி.எஸ். ஆகிவிடும். இதைக் கணக்கிட்டுப் பார்த்தோம். அந்த வேகத்தில் நொடிக்கு 8 கிலோபைட், ஒரு எம்.பி. இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல், ஒரு ஜி.பி. விண்டோஸ் அப்டேட் இறங்க ஏறத்தாழ 36 மணி நேரம். இதில் விண்டோஸின் குணத்தையும் சொல்ல வேண்டும். போனிலிருந்து வருவது ஓசி நெட் என்று அதற்குத் தெரியாது. வீட்டு நெட் என்றே எண்ணிக்கொண்டு விருந்துக்கு வந்தது போலச் சாப்பிடும். வைஃபை அமைப்புக்குள் போய் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை ஆன் செய்தால் பெரும்பாலும் கையைச் சுருக்கிக்கொள்ளும். இவ்வட்டாரத்தில் இதை அறிந்தோர் சிலர். அறிந்தும் அடுத்தவர் லேப்டாப்பில் செய்துகொடுத்தோர் சான்றோர்.

பாலைக்கு நண்பகல், பிரிதல். பாலைக்குத் தனி நிலம் இல்லை என்பது பழைய கொள்கை. வேடசந்தூர்ப் பக்கம் சித்திரை மாதம் போய்வந்தவர் அதை ஏற்கமாட்டார். ஐபோனை 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்துக என்பது ஆப்பிளின் அறிவுரை. திண்டுக்கல் வெயில் அந்த அறிவுரையைப் படித்ததில்லை. தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னல் ஓரத்தில்தான் சிக்னல் கிடைக்கிறது என்று போனை அங்கேயே வைத்து, அதிலேயே சார்ஜரையும் மாட்டி, ஹாட்ஸ்பாட்டையும் போட்டால், தோழி முதலில் வெளிச்சத்தைக் குறைப்பாள், பிறகு வேகத்தைக் குறைப்பாள், பிறகு பேச்சை நிறுத்துவாள். அவளை ஈரத்துணியில் சுற்றுவது தவறு. ஃபிரிட்ஜில் வைப்பது அதனினும் தவறு, உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். உறையைக் கழற்றி மின்விசிறிக்குக் கீழே வைப்பதே மருந்து.

களவு என்றால் காவலும் வேண்டுமே. டவருக்குத் தெரிவது போன் ஒன்றுதான். போன் தன் பின்னால் இருக்கும் லேப்டாப்புக்குத் தானே ஒரு முகவரி கொடுத்து மறைத்துக்கொள்கிறது. பழைய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் அது 192.168.43 என்று தொடங்கும், வீட்டுக்குள் மட்டும் செல்லும் செல்லப்பெயர். ஆனாலும் குட்டு வெளிப்பட ஒரு வழி உண்டு. நெட்டில் போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் எண் இருக்கிறது. ஒரு கை மாறும்போதெல்லாம் அதில் ஒன்று குறையும். போன் தானே அனுப்பினால் 64 என்று கிளம்பும். விண்டோஸ் லேப்டாப் 128 என்று கிளப்பும். போன் வழியாக வெளியே வரும்போது 127 ஆகியிருக்கும். கூந்தலில் புதுப்பூவைக் கண்ட தாய் போலக் கம்பெனி இதைக் கண்டுகொள்ளலாம். அமெரிக்காவில் கண்டுகொண்டு தனிக் கட்டணமே வாங்கினார்கள். டெதரிங் ஆப்களைப் பயனர் கண்ணில் படாமல் செய்த விவகாரத்தில் வெரைசன் நிறுவனம் 2012இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்துடன் சமரசமாகி 12.5 லட்சம் டாலர் கட்டியது. நம்மூரில் தாய்மார் பெருந்தன்மையானவர்கள். 1.5 ஜி.பி.யை நீ தின்றாலும் உன் மச்சான் தின்றாலும் கணக்கு ஒன்றே என்று விட்டுவிட்டார்கள்.

அலர் என்பது களவு பலர் வாய்ப்படுதல். ஹாட்ஸ்பாட் போட்ட கணமே அதன் பெயர் தெருவில் உள்ள எல்லாப் போனிலும் தெரிகிறது. அகத்திணையில் தலைமக்கள் பெயரைச் சுட்டலாகாது என்பது விதி. ஐபோன் அதை மீறி உடையவர் பெயரையே போட்டு அறிவிக்கிறது. ஆண்ட்ராய்டு பெரும்பாலும் அடக்கமாகப் போன் மாடலைச் சொல்லி நிற்கிறது. அலருக்கு அஞ்சினால் பூட்டு வேண்டும். இங்கேதான் ஆய்வாளனின் நெஞ்சு கனக்கிறது. மாங்காய்ப் பூட்டு செய்த ஊர் இது. அரத்தால் ராவி ராவி, ஒன்றின் சாவி மற்றொன்றில் நுழையாதபடி கையாலேயே பூட்டுச் செய்த பட்டறைகள் இருந்த ஊர். அலிகார் பூட்டின் விலையோடு மோதி நொந்துபோன பிறகு, 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊரில் ஹாட்ஸ்பாட்டுக்குப் போடும் பூட்டு 12345678. இது சோம்பல் என்பார் சிலர். அன்று, எட்டெழுத்துக்குக் குறைந்தால் வைஃபை பாஸ்வேர்டை ஏற்பதில்லை என்பதே இலக்கணம். ஏற்றிருந்தால் 1234ஓடு நின்றிருப்பர். ஆகவே பின்னுள்ள 5678 முழுவதும் நூல்விதியால் வந்தது.

உரிமை பற்றியும் சில சொல்ல வேண்டும். யார் கேட்கலாம், யார் கேட்காமலே எடுக்கலாம் என்பது முறை. “மாப்ள, நெட்டு போடு” என்று கேட்பவன் ஏற்கெனவே லேப்டாப்பைத் திறந்துவிட்டான் என்று அறிக. சித்தப்பா கேட்கமாட்டார், போனை நீட்டச் சொல்லி, தானே ஆன் செய்துகொள்வார். அத்தை மகளுக்குப் போட்ட ஹாட்ஸ்பாட் அணைக்கப்படுவதே இல்லை. ஆனால் இங்கு பேசுவது களவு நெட், வேறு களவு அன்று. எப்படிப் போட்டாலும் கடைசியில் தோழி அறத்தொடு நிற்பாள். சிம் யார் பெயரில், யார் போனில் இருக்கிறதோ அங்கேதான் டேட்டா தீர்ந்த செய்தி போகும். “காலைல ரீசார்ஜ் பண்ணேன், யாருடா அது?” என்று உள்ளறையிலிருந்து வரும் குரலோடு களவு வெளிப்படும். அதன் பிறகுதான் வரைவு என்னும் திருமணம், அதாவது ஃபைபர்காரனுக்குப் போன்.

கற்பு வாழ்க்கை இனிது. வேகம் உண்டு, பாஸ்வேர்டு டி.வி.க்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது, யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும் நாளில்தான் உண்மை தெரியும். சுவரில் மாட்டிய பெட்டி விளக்கணைந்து வெறும் பெட்டியாகிவிடும். ஜெனரேட்டர் உள்ள டவர் நிற்கிறது, பேட்டரி சாகாத லேப்டாப் இருந்தால் அதுவும் நிற்கிறது. கைவிட்ட தோழியைத் தேடி எல்லாரும் வருகிறார்கள். அவளிடம் 18 சதவீதம்தான் சார்ஜ். அப்போது கைகொடுப்பது யு.எஸ்.பி. டெதரிங். கேபிளில் மாட்டினால் போன் லேப்டாப்புக்கு நெட் கொடுக்கும், லேப்டாப் போனுக்குச் சார்ஜ் கொடுக்கும். களவில் இத்தனை நியாயமான கொடுக்கல் வாங்கல் வேறில்லை.

ஆனால் கேபிளை மாட்டிய பின்னும் போனில் அந்தப் பொத்தான் மங்கியே கிடந்தால், குற்றம் கேபிளில் இருக்கக்கூடும். சாதாரண யு.எஸ்.பி. கேபிளுக்குள் நான்கு கம்பி: சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு, பச்சையும் வெள்ளையும் டேட்டாவுக்கு. மலிவு கேபிள் சிலவற்றில் பின்னிரண்டும் இருப்பதில்லை. இதைக் களஆய்வில் உறுதிசெய்ய வேண்டி பஸ் ஸ்டாண்டு எதிரே நடைபாதைக் கடையில் ஒரு கேபிளைக் கையில் எடுத்து, இதில் எத்தனை கம்பி என்று கேட்டோம். கடைக்காரர் எம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

“நெட்டு போடவா, சார்ஜுக்கா? நெட்டுன்னா அந்தப் பக்கம் தொங்குறதுண்ணே, முப்பது ரூவா கூட. கம்பியெல்லாம் யாரு எண்ணிக்கிட்டு இருக்கா.”