பொருந்தாப் பொருத்தம்: பலகைக்கும் பாகத்துக்கும் இடையிலான அளவு வேறுபாடு குறித்த ஒரு பாடபேத ஆய்வு

மின்சுற்றுப் பலகை வரையும் மென்பொருளில் பாகமும் அதற்குரிய இடமும் எந்நாளும் பொருந்தியே இருக்கும் என்பதும், அதே பலகை ஆலையில் செய்யப்பட்டு உறை பிரித்து மேசைக்கு வந்ததும் ஒன்று மற்றொன்றுக்குள் நுழைய மறுக்கும் என்பதும் இத்துறையில் சில காலம் உழைத்த எவரும் மறுக்காத உண்மைகள். இவற்றுள் பின்னதை அளவெடுப்பதில் நேர்ந்த கவனக்குறைவு என்று கூறிப் பொறியாளர்கள் கடந்துவிடுகின்றனர். கவனமாக அளந்தவர்களின் பலகைகளிலும் இந்நிலை காணப்படுவதால் அவ்விளக்கம் போதுமானதன்று. சிக்கலின் வேர் சுவடியியலில் இருக்கிறது என்பதும், ஓலைச்சுவடிகளோடு பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டையே இன்று மின்னணுவியல் மாணவர்கள் திரையில் படுகின்றனர் என்பதும் இங்கு நிறுவப்படும்.

முதற்கண் சொல் விளக்கம் தேவை. ஒரு பாகத்தின் கால்கள் பலகையில் பதியவேண்டிய துளைகளையும் செப்புத் திட்டுகளையும் காட்டும் வரைவு ஃபுட்பிரின்ட் எனப்படும். அத்திட்டு ஒவ்வொன்றும் பேட். இத்தகைய வரைவுகளின் தொகுப்பு லைப்ரரி. பாகத்தைச் செய்த நிறுவனம் வெளியிடும் டேட்டாஷீட்டில் உள்ள அளவுப்படத்தை மூலபாடம் எனக் கொண்டால், லைப்ரரியில் உள்ள ஃபுட்பிரின்ட் அதற்கு எழுதப்பட்ட உரையாகும். உரைகாரர் மூலத்தைப் பார்த்து எழுதியிருக்கலாம், அல்லது முன்பு எழுதப்பட்ட வேறோர் உரையைப் பார்த்து எழுதியிருக்கலாம். பின்னதற்கே வாய்ப்பு மிகுதி. அளவுப்படம் பெரும்பாலும் டேட்டாஷீட்டின் கடைசிப் பக்கங்களில் வைக்கப்படுவதால் அதுவரை சென்று திரும்பியவர் சிலரே என்பதும், மற்றவர்கள் உரையை ஓதியே தேர்ச்சி பெற்றவர்கள் என்பதும் கருதத்தக்கன.

இத்துறையில் இரண்டு பெரும் சமயங்கள் உள்ளன. அங்குலச் சமயத்தார் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை ‘மில்’ என்று வழங்குவர். மில்லிமீட்டர்ச் சமயத்தார் அதனை ஏற்பதில்லை. 1959இல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் கூடி ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று உடன்பட்டதால் இரு சமயங்களுக்கும் இடையே கணக்களவில் பூசல் தீர்ந்தது. ஆனால் 1964இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தார் இருபுறமும் கால்கள் கொண்ட ஐசி உறையை உருவாக்கியபோது கால்களுக்கிடையே 100 மில், அதாவது 2.54 மி.மீ., இடைவெளி விட்டதால் பூசல் வேறு வடிவில் மீண்டும் தொடங்கியது. சோவியத் ஒன்றியத்தின் ஆலைகள் இந்த உறையை ஏற்றுக்கொண்டன, அந்த .04ஐ மட்டும் ஏற்கவில்லை. கால் இடைவெளியை 2.5 மி.மீ. எனத் திருத்திக்கொண்டன. பதினான்கு கால் ஐசியில் ஒரு வரிசைக்கு ஆறு இடைவெளிகளே உண்டாதலால் மொத்த வேறுபாடு 0.24 மி.மீ. ஆகி, துளையின் தளர்ச்சிக்குள் அடங்கிவிடும். நாற்பது கால் ஐசியில் அது 0.76 மி.மீ. ஆகிறபோதுதான் இரு சமயங்களும் வேறு வேறு என்பது புலப்படும். மில்லிமீட்டரையே வழிபடுவோரும் பலகையின் செப்புத் தடிமனைக் குறிக்கும்போது ‘ஒரு அவுன்ஸ்’ என்று கூசாமல் சொல்வர் என்பது இங்கே கிளைச்செய்தி. ஒரு சதுர அடியில் ஓர் அவுன்ஸ் செப்பைப் பரப்பினால் வரும் தடிமன், ஏறத்தாழ 35 மைக்ரான், என்பது அதன் பொருள். நீளத்தை எடையால் அளக்கும் ஒரு துறையிடம் அளவு பொருந்தவில்லை என்று முறையிடுவதில் பயன் என்ன என்ற வினா இயல்பாகவே எழும்.

பாடபேதங்களுள் மிகவும் வஞ்சகமானது 5.00க்கும் 5.08க்கும் இடைப்பட்டதாகும். கம்பியை நுழைத்துத் திருகாணியால் இறுக்கும் பச்சை நிற ஸ்க்ரூ டெர்மினல் இவ்விரண்டு இடைவெளிகளிலும் விற்கப்படுகிறது. கடையில் கேட்பவர் ‘அஞ்சு எம்எம்’ என்பார், கொடுப்பவரும் ‘அஞ்சு எம்எம்’ என்றே கொடுப்பார், இருவரில் எவரும் பொய் சொன்னதாகக் கருத முடியாது. காலின் தடிமன் 1 மி.மீ., துளையின் விட்டம் 1.3 மி.மீ. என்று கொண்டால், இருவழி டெர்மினலில் எழும் 0.08 மி.மீ. வேறுபாட்டைக் கை உணராது. மூவழியில் அது 0.16, கட்டைவிரல் சற்றே அழுத்தும். நான்கு வழியில் 0.24, அழுத்தும்போது உதடும் சேர்ந்து இறுகும். ஐந்தாம் வழியில் தளர்ச்சி முழுவதும் செலவாகி, நடுவில் வைத்து வேறுபாட்டை இருபுறமும் பங்கிட்டாலும் ஓரக் கால்கள் துளையின் விளிம்பில் ஏறி நிற்கும். பன்னிரண்டு வழியில் மொத்தம் 0.88 மி.மீ. என்பதால் விவாதத்துக்கே இடமில்லை. பொருந்துகிறதா என்று சோதிக்க விரும்புவோர் கைக்கு முதலில் அகப்படும் இருவழி டெர்மினலைக்கொண்டே சோதித்து நிறைவடைவதும், பின்னர் ஆலைக்குப் பன்னிரு வழிப் பலகையை அனுப்புவதும் இப்பிழையின் தனிச்சிறப்பு.

எண்பெயர்களால் விளையும் மயக்கம் இதனினும் எளிது, ஆதலால் சுருங்கச் சொன்னால் போதும். பலகையின் மேற்பரப்பில் ஒட்டும் சிறு மின்தடைகளுக்கு 0603 என்பது போன்ற நான்கிலக்கப் பெயர்கள் உண்டு. அங்குலச் சமயத்தில் 0603 என்றால் 1.6 மி.மீ. நீளமும் 0.8 மி.மீ. அகலமும் உடையது, மில்லிமீட்டர்ச் சமயத்தில் அதே 0603 என்றால் 0.6 மி.மீ. நீளமும் 0.3 மி.மீ. அகலமும் உடையது, பரப்பில் முன்னதன் ஏழில் ஒரு பங்கு. முன்னதற்கு வரைந்த இடத்தில் பின்னதை வைத்தால், இரு பேட்களுக்கும் நடுவே விடப்பட்ட வெற்றிடத்தில் அது எதையும் தொடாமல் முழுதாகப் படுத்துக்கொள்ளும்.

இனி இடைச்செருகல். இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005இல் தோன்றிய ஆர்டுயினோ பலகையில், ஏழாம் எண் முனைக்கும் எட்டாம் எண் முனைக்கும் இடையே 100 மில்லுக்குப் பதிலாக 160 மில் இடைவெளி உள்ளது. மற்ற முனைகள் எல்லாம் ஒழுங்காக நிற்க, இவ்விடத்தில் மட்டும் 60 மில் கூடுதலாக வந்ததற்கு வரையும்போது ஏற்பட்ட அவசரமே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பிழை தெரியவந்தபோது அப்பலகையின் மேல் செருகும் துணைப் பலகைகள் பிழையோடு பொருந்தும்படியே செய்யப்பட்டுவிட்டன; எனவே திருத்தினால் அவை பொருந்தா என்ற நிலையில் பிழை பாடமாகவே நிலைபெற்றது. போலிப் பலகை செய்வோரும் அதனை ஒரு மில் பிசகாமல் பெயர்த்தெழுதினர். 2023இல் வெளிவந்த ஆர்டுயினோ ஊனோ பலகையின் நான்காம் பதிப்பும் அதைக் காத்துப் போற்றியது. துணைப் பலகையைத் தலைகீழாகச் செருகாதபடி தடுப்பதற்காகவே இவ்விடைவெளி விடப்பட்டது என்று நுண்பொருள் கண்டு உரைப்போரும் உளர். மூலத்தில் ஒரு பிழை போதிய காலம் நின்றுவிட்டால் அதற்கு நயம் கூறும் உரையாசிரியர் தோன்றாமல் இரார் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இத்துறையில் இல்லை. இதனால் துன்புறுவோர் 100 மில் கட்டங்களாகத் துளையிட்ட டாட் போர்டை வாங்கி, அதில் துணைப் பலகை செய்யலாம் என்று எண்ணியவர்கள் மட்டுமே. அவர்களுக்கு எட்டு முதல் பதின்மூன்று வரையிலான முனைகள் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டா.

பெயர்த்தெழுதும்போது நேரும் சிதைவு தனியே ஆராயத்தக்கது. ஓலையில் எழுதியோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் விட்டதால் படிப்போர் இடம் நோக்கி ஊகிக்க வேண்டியிருந்தது. துளையிடும் எந்திரத்துக்குச் செல்லும் எக்ஸலான் கோப்புகளிலும் தசமப் புள்ளி இடாமல் எண்களை எழுதும் மரபு உண்டு. முன்னுள்ள சுழியங்கள் விடப்பட்டனவா, பின்னுள்ளவை விடப்பட்டனவா, புள்ளி எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்பவற்றைப் படிக்கும் மென்பொருளே சில வேளைகளில் ஊகிக்கிறது. ஊகம் ஓரிலக்கம் பிசகினால் பலகையின் துளைகள் யாவும் ஒரு மூலையில் பத்தில் ஒரு பங்காகக் குவிந்துவிடும், அல்லது பலகையைக் கடந்து அண்டைப் பரப்பில் பரவிவிடும். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்ற நியாயமாவது பழையோருக்கு இருந்தது. எக்ஸலான் கோப்புடன் அனுப்பப்படும் செப்பு வரைவுக் கோப்புக்குப் பெயர் தந்த ஜோசப் கெர்பர், வியன்னாவில் பிறந்து 1940இல் அமெரிக்காவுக்குச் சென்றவர். பொறியியல் மாணவராக இருந்தபோது தம் பைஜாமாவின் இடுப்பு எலாஸ்டிக்கைக்கொண்டு, எந்த அளவுக்கும் இழுத்துப் பொருத்திக்கொள்ளத்தக்க அளவுகோல் ஒன்றைச் செய்து புகழ்பெற்றார். இம்மியும் பிசகாத அளவுகளைச் சுமக்கும் கோப்பு இழுபடும் அளவுகோலைச் செய்தவரின் பெயரைத் தாங்கி நிற்பதை இத்துறை நகைமுரணாகக் கருதியதாகத் தெரியவில்லை.

ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் தோன்றிய ஃப்ரிட்ஸிங் மென்பொருளில் சிதைவு வேறு வழியாக நுழைகிறது. அதில் புதிய பாகத்தைப் படமாக வரைந்து சேர்க்கலாம். படம் பிக்சல் கணக்கில் எழுதப்பட்டிருந்தால், ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற வினாவுக்கு ஒவ்வொரு வரைகருவியும் ஒவ்வொரு விடை கூறும். இங்க்ஸ்கேப் தன் 0.92ஆம் பதிப்பில், 2017இல், 90 என்ற பழைய கணக்கை விட்டு 96க்கு மாறியது. இல்லஸ்ட்ரேட்டர் 72 என்கிறது. முன்பு 100 மில் இடைவெளியாக இருந்த ஒன்பது பிக்சல், பதிப்பு மாறிய மறுநாள் 2.38 மி.மீ. ஆகிவிட்டது. பாகம் அப்படியே இருந்தது, படமும் அப்படியே இருந்தது, எண்ணும் ஒன்பதாகவே இருந்தது.

துல்லியத்தைப் பெருக்கினால் இவையெல்லாம் தீரும் என்ற கருத்தும் ஆய்வுக்கு நிற்பதில்லை. 1992இல் பிரான்சின் ஜான்-பியர் ஷராஸ் தொடங்கிய கீகேட் மென்பொருள் இன்று பலகையின் அளவுகளை நானோமீட்டரில் கணித்து வைத்துக்கொள்கிறது. அந்த நானோமீட்டர்களைத் தட்டச்சு செய்பவரோ டிஜிட்டல் வெர்னியரைப் பாகத்தின் கால்களில் கவ்வ வைத்து, எண் 0.02 மி.மீ. அளவுக்கு ஊசலாடுவதைச் சிறிது நேரம் பார்த்திருந்து, மனத்துக்குப் பிடித்த கணத்தில் படித்துக்கொள்கிறார். ஊசலாட்டம் மட்டும் இருபதாயிரம் நானோமீட்டர்.

எனவே பதிப்பாசிரியர்கள் செய்ததுபோல் உரையை விட்டு மெய்ப்பொருளோடு ஒப்புநோக்குவதே வழி. பலகையின் வரைவை ஒன்றுக்கு ஒன்று அளவில் தாளில் அச்சிட்டு, தாளைத் தெர்மோகோல் துண்டின் மேல் விரித்து, ஒவ்வொரு பாகத்தின் கால்களையும் அதில் குத்திப் பார்ப்பது இதற்கென வழங்கிவரும் முறை. இங்கும் அச்சுப்பொறியின் ‘பக்கத்துக்குள் அடக்கு’ என்னும் தெரிவு கேட்காமலே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்து, வரைவை நூற்றுக்கு ஓரிரு பங்கு சுருக்கிவிடும் என்பதால், தாளின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றையும் சேர்த்து அச்சிட்டு ஸ்கேலால் அளக்க வேண்டும். கோடு 98 என்று காட்டினால் அத்தாளில் கிடைத்த பொருத்தங்கள் அனைத்தும் செல்லா, அவற்றுள் 5.08 டெர்மினலுக்கு வரைந்த இடம் சுருங்கியதால் 5.00 டெர்மினல் தற்செயலாகப் பொருந்தியிருக்கவும் கூடும்.

இவ்வளவுக்குப் பின்னும் பொருந்தாத பாகத்துக்கு மரபு காட்டும் வழி வலிந்து பொருள் கோடல். மூலமும் உரையும் ஒவ்வாதபோது உரைகாரர் சொற்களை வளைப்பதுபோல, இங்கு குறட்டால் கால்கள் வளைக்கப்படுகின்றன. மின்தடையும் டிரான்சிஸ்டரும் இதற்கு இணங்கும். ஸ்க்ரூ டெர்மினல் இணங்காது. மேற்பரப்பில் ஒட்டும் ஐசியின் கால் ஒருமுறை இணங்கும், இரண்டாம் முறை உடலை விட்டுப் பிரியும். எதற்கும் இணங்காத ஐசியைப் பலகையின் மேல் மல்லாக்கக் கிடத்திப் பசையால் ஒட்டி, வானம் பார்த்த ஒவ்வொரு காலிலிருந்தும் மெல்லிய எனாமல் கம்பியை அதற்குரிய பேட்டுக்கு இழுத்துச் சால்டர் வைப்பது இறுதி முறை. செத்த பூச்சி முறை என்று இத்துறையார் வழங்கும் இதில், பலகையின் அளவும் பாகத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும் என்ற தேவையே எழுவதில்லை. மல்லாந்த ஐசியில் கால்களின் எண்வரிசை இடம் வலமாக மாறிவிடும் என்பதை மட்டும், முதல் கம்பியை வைப்பதற்கு முன் நினைவில் கொள்ள வேண்டும்.