மூச்சு இருக்கிறதா?

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு நம் தமிழ்நாடு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய். நாளுக்கு 66 ரூபாய் சொச்சம். டயப்பர், பிசியோதெரபி, ஆட்டோ எல்லாம் போக மிச்சத்தைத் தங்கத்தில் போட்டுவைக்கலாம். ஆந்திராவில் 6000 தருகிறார்கள். காசு அதிகம் கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடும் என்பது தெரியாதவர்கள்!

தகுதியும் சும்மா வராது. கடும் பாதிப்புப் பிரிவில் 75 சதவீதம் வேண்டும். 74 எடுத்தால் பெயில். அடுத்த முறை இன்னும் நன்றாகப் பாதிக்கப்பட்டு வரவேண்டியதுதான்.

பணம் வந்தாலும், பிள்ளை உயிரோடு இருப்பதாக ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். ஆவடியிலிருந்து பதினாலு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்கு மின்சார ரயில் ஏறும் தாய்க்கு எந்த ஜிம்மில் கிடைக்கும் இந்தப் பயிற்சி? அரசு அலுவலகங்களில் சாய்தளம் உண்டு. பைக்குகள் அங்கே நிழலில் இளைப்பாறும். அம்பத்தூர் 2018-இல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டதால் அந்த ஊர்த் தாய்மார்களுக்குத் திருவள்ளூர் யாத்திரை வாய்க்கவில்லை, பாவம். பூந்தமல்லிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், திருவள்ளூருக்கு ரயிலே கிடையாது, பஸ் மாறி மாறிப் போகலாம்.

வாழ்நாள் சான்று அருமையான ஏற்பாடு. அதைப் பிள்ளைகளோடு ஏன் நிறுத்த வேண்டும்? அலுவலக பீரோவுக்குள் படுத்தபடுக்கையாகக் கிடக்கும் மனுக்களிடமும் ஆண்டுக்கொரு முறை கேட்கலாம். மூச்சிருந்தால் அவற்றுக்கும் மாதம் 2000 போட்டுவிடலாம். தானாக நகர முடியாதவை; 75 சதவீதம் தாராளமாகத் தேறும்.