‘அட்ஜஸ்ட்’ என்னும் வினை: ஓர் இலக்கண, இருக்கை ஆய்வு

எட்டாம் வகுப்பில் இவ்வாய்வாளரின் நோட்டில் இந்தச் சொல்லுக்கு நேரே ‘சரிசெய்’ என்று எழுதியிருந்தது. ‘அவன் தன் கைக்கடிகாரத்தைச் சரிசெய்தான்’ என்பது ஆசிரியர் தந்த எடுத்துக்காட்டு. பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. அன்று மாலையே டவுன் பஸ்ஸில், மூன்று பேர் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவனின் தோளைத் தொட்டு ஓர் அம்மாள், “தம்பி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்றார். இவ்வாய்வாளரிடம் கைக்கடிகாரம் கிடையாது. வேறு எதைச் சரிசெய்யலாம் என்று யோசிப்பதற்குள் அந்த அம்மாளும் ஒரு கூடைக் கத்தரிக்காயும் உட்கார்ந்தாயிற்று.

ஆய்வு அங்கே, ஒரு காலில் நின்ற நிலையில் தொடங்கியது.

முதலில் இலக்கணம். ஆங்கிலத்தில் இவ்வினைக்குச் செயப்படுபொருள் வேண்டும்: கண்ணாடியை, பெல்ட்டை, ரேடியோவின் சத்தத்தை. ‘டு’ என்ற உருபைச் சேர்த்தால் புது ஊருக்கோ இருட்டுக்கோ பழகிக்கொள்வதையும் குறிக்கும். ஆக, எதை அல்லது எதற்கு என்று கேட்டால் பெரும்பாலும் வாக்கியத்திலேயே பதில் இருக்கும். தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் இந்த இரண்டு கேள்விகளும் பஸ்ஸின் பின்படிக்கட்டு வழியாக இறங்கிப் போய்விட்டன. ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்றதும் எதை என்று கேட்பவன் நாகரிகம் தெரியாதவன்.

தமிழ் எந்த ஆங்கில வினையையும் தனியாக வீட்டுக்குள் விடுவதில்லை. ‘பண்ணு’ என்ற துணையோடுதான் வர வேண்டும். டைப் பண்ணு, லவ் பண்ணு எல்லாம் அப்படி வந்தவையே. இங்கே கூடுதலாக ஒரு ‘கொள்’ ஒட்டியிருக்கிறது. எடுத்துக்கொண்டான், வாங்கிக்கொண்டான் என்னும்போது செயலின் பலன் செய்தவனுக்கே சேர்கிறது என்று காட்டுவது அந்தக் ‘கொள்’. ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’வில் மட்டும் செய்பவன் எழுந்து நிற்கிறான், பலன் உட்கார்ந்திருக்கிறது. இலக்கண ஆசிரியர்கள் இதற்கு இன்னும் ஒரு விதி எழுதவில்லை. அவர்களுக்குச் சீட் கிடைத்துவிட்டது போலும்.

முன்னால் வரும் ‘கொஞ்சம்’ தனி அத்தியாயத்துக்கு உரியது. களஆய்வில் கண்டவரை அது அளவைக் குறிப்பதே இல்லை. இடம் எவ்வளவு அதிகமாகத் தேவையோ, அவ்வளவு இழுத்துச் சொல்லப்படும். ‘கொஞ்சம்’ என்றால் ஓர் ஆள். ‘கொஞ்ச்ச்சம்’ என்றால் ஓர் ஆள், ஒரு குழந்தை, ஓர் எவர்சில்வர் தூக்குவாளி.

இடத்தைப் பொறுத்தவரை (மூவிடத்தைச் சொல்கிறேன், உட்காரும் இடத்தை அல்ல) இந்த வினை முன்னிலையில்தான் செழிக்கிறது. நீ பண்ணு, நீங்கள் பண்ணுங்கள். படர்க்கையில் பெரும்பாலும் புகாராக வரும்: “அவன் அட்ஜஸ்டே பண்ண மாட்டான்.” ‘நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்’ என்ற தன்மை ஒருமை வடிவம் மிக அரிது. தோசை மாவு தீர்ந்துபோன இரவுகளில், அடுப்படியில், அம்மாக்களின் வாயிலிருந்து மட்டுமே அது இவ்வாய்வாளருக்குக் கிடைத்தது.

அரசும் சும்மா இல்லை. இந்திய ரயில்வே இந்த வினைக்கு ஆர்.ஏ.சி. என்று ஒரு பயணச்சீட்டே கொடுக்கிறது: பக்கவாட்டில் ஒரு கீழ்ப்படுக்கை, அதற்கு இரண்டு பேர். யாராவது பயணத்தை ரத்து செய்யாவிட்டால் விடியும்வரை அப்படியே. எழும்பூரிலிருந்து தெற்கே போன ஓர் இரவில், முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் பாதங்களுக்கும் இவ்வாய்வாளரின் முகத்துக்கும் இடையே இருந்த தூரம் ஒரு சாண். திண்டுக்கல் தாண்டும்போது அவரைச் சித்தப்பா என்று கூப்பிட வேண்டியதாயிற்று.

இனிச் சொற்பிறப்பு. இங்கேதான் ஆய்வு திடுக்கிடும் முடிவை எட்டுகிறது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் வேர் லத்தீன். ‘அட்’ என்றால் நோக்கி; ‘யுக்ஸ்டா’ என்றால் பக்கத்தில், ஒட்டினாற்போல். இரண்டும் சேர்ந்தால் கிட்டே கொண்டுவருதல். நெருக்கி உட்கார் என்பதுதானே அது! ‘யூஸ்டுஸ்’ என்ற இன்னொரு லத்தீன் சொல்லுக்கு நியாயமானது என்று பொருள். இரண்டும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கவே, ஐரோப்பியர்கள் அந்த நியாயத்தை இதன் வேராக எண்ணி மயங்கினார்கள். அந்த மயக்கத்தில்தான் நெருங்குவது ‘சரி’யாக்குவதாகத் திரிந்து, கடைசியில் எட்டாம் வகுப்பு நோட்டுவரை வந்து சேர்ந்தது. நம் டவுன் பஸ்ஸோ கலந்துபோன நியாயத்தை நீக்கிவிட்டு, நெருக்கத்தை மட்டும் மீட்டெடுத்தது. லத்தீன் தெரியாத கத்தரிக்காய் அம்மாள் ஆசிரியரைவிட வேருக்குப் பக்கத்தில் இருந்தார்.

அந்த ‘யுக்ஸ்டா’வை இன்னும் தோண்டினால் பிணைத்தல் என்ற பொருளுள்ள தொல்வேர் ஒன்று தட்டுப்படுகிறது. ஆங்கிலத்தில் நுகத்தடிக்கு வழங்கும் ‘யோக்’ அதன் பிள்ளை. வடமொழி ‘யோக’மும் அதே குடும்பம். ஆர்.ஏ.சி. படுக்கையில் முழங்காலை நாடியில் முட்டுக்கொடுத்துத் தூங்குபவர் யோகாசனம் செய்கிறார் என்பது இனி கேலிப்பேச்சாகாது, மொழியியல்.

மற்றப் பொருள்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். “ஒரு ஐந்நூறு அட்ஜஸ்ட் பண்ணுங்க” என்றால் கடன். திரும்பி வரும் என்பது சொல்லில் இல்லை. “சில்லறை இல்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்றால் இரண்டு மிட்டாய். தையல்காரர் சொன்னால், ஜாக்கெட்டுக்கு ஏற்ப உடம்பு மாற வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணிடம் சொல்வதற்கு எந்த அகராதியிலும் எல்லை கிடையாது. மாப்பிள்ளையிடம் யாரும் அதைச் சொல்லி இவ்வாய்வாளர் கேட்டதில்லை. கேரளத்தில் நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, மலையாளத் திரையுலகில் வாய்ப்புக்கு விலையாகப் பெண்களிடம் கேட்கப்படுவதற்கும் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்றுதான் பெயர் என்பது பதிவானது. சொல்பவன் ஒருவன், இழப்பவர் இன்னொருவர் என்ற அதே இலக்கணம். அந்தப் பொருளைப் பற்றி இந்தக் கட்டுரையின் தொனியில் எழுத முடியாது.

ஆய்வை முடிக்கும் முன் ஒரு சோதனை பாக்கி இருந்தது. வாழ்நாள் முழுதும் கேட்ட வாக்கியத்தை இவ்வாய்வாளர் ஒருமுறையாவது சொல்லிப் பார்க்க வேண்டும் அல்லவா? போன வாரம் தாம்பரம் பஸ்ஸில், ஓரத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையனிடம், “தம்பி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்றேன்.

அவன் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டு, மரியாதையாகவே கேட்டான்: “எதை அங்கிள்?”

இலக்கணப்படி சரியான கேள்வி. தாம்பரம் வரை நின்றுகொண்டே போனேன்.